ஆற்று நடுவில் தளர்ந்த மோட்டார்

ஆற்றில் ஆள் ஏற்றி இறக்கும் படகுக்காரருக்கு மோட்டார்தான் மூத்த பிள்ளை என்று அவர் மனைவி சொல்லிச் சிரிப்பாள். பெற்ற மகளுக்குக் காய்ச்சல் என்றால் "மருந்து குடுத்தியா?" என்று கேட்பதோடு சரி. மோட்டார் லேசாக இருமினால் போதும், மனுஷனுக்குச் சோறு இறங்காது. மனைவியைக் கிட்டத்தில் விடமாட்டார். "அடுப்படியோட நிறுத்திக்க. மோட்டார் பத்தி உனக்கு என்ன தெரியும்?" நாலு பேர் முன்னாலும் இப்படித்தான் பேசுவார், கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

படகிலேயே விட்டால் திருடு போய்விடும் என்று பெட்ரோல் டேங்கைச் சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பார். நாற்றத்தில் தலை வெடிக்கிறது, வெளியே வைக்கக் கூடாதா என்று அவள் ஒரே ஒருமுறை கெஞ்சினாள். அவர் குதித்த குதியில் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

அந்த மகராசி போய்விட்டாள். விடியும் முன்னே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது தனியாக வந்தார்.

துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு படகை எடுத்தார். மோட்டார் நன்றாகத்தான் கிளம்பியது. ஆற்று நடுவே போனதும் சத்தம் கம்மி, வேகம் தளர்ந்து, நின்றே விட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது. மூடிவிட்டுக் கயிற்றை இழுத்தால், ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது. திரும்பி வரும்போது மறுபடியும் அதே கூத்து.

பிளக்கைக் கழற்றித் துடைத்தார். பில்ட்டரை மாற்றினார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார், விசிறியில் சுற்றிய பாசியை அறுத்தெறிந்தார். எதற்கும் மசியவில்லை. கடைசியில் படகுத்துறை மெக்கானிக்கிடம் தூக்கிப் போனார். அவன் மோட்டாரைத் தண்ணீர் பேரலில் இறக்கி, தன் கடை டேங்கை மாட்டி ஓடவிட்டான். சிங்கம் மாதிரி ஓடியது.

"மோட்டார் கல்லு மாதிரி இருக்குண்ணே. உங்களுக்குத்தான் மனசு சரியில்ல."

"என் மனசாடா நடு ஆத்துல நிக்குது?" என்று எரிந்து விழுந்துவிட்டு வந்தார்.

அக்கரை ஆலைக்குப் போகிறவர்கள் பாவம் என்ன செய்வார்கள்? தாமதமாகப் போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொருவராக, இவர் முகத்தைப் பார்க்காமல், பக்கத்துப் படகில் ஏறிக்கொண்டார்கள்.

அப்பாவைக் கையோடு கூட்டிப் போகலாம் என்று டவுனில் இருக்கும் மகள் வந்தாள். அவள் மாடி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து போகிற வண்டி வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைத்தாலே அவருக்கு வேப்பங்காயாகக் கசந்தது. "இன்னைக்கு ஒரு நாள் ஓட்டிப் பாக்கறேன். இன்னைக்கும் நின்னுச்சுன்னா மோட்டாரை வித்துட்டு உன்கூட வந்துடறேன்" என்றார்.

மகளும் படகில் ஏறிக்கொண்டாள். வேறு பயணி யாரும் இல்லை. நடு ஆறு வந்தது, மோட்டார் கம்மியது, நின்றது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அவ்வளவுதாம்மா. முடிஞ்சு போச்சு."

மகள் காலடியில் இருந்த டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியின் நடுவில் விரல் நுனி அளவு ஒரு திருகு. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போகும் வழி அதுதான். அது மூடியிருந்தால் கொஞ்ச தூரம் ஓடியதும் பெட்ரோல் இறங்காமல் மோட்டார் நின்றுவிடும்; டேங்க் மூடியைத் திறந்து காற்றுப் போனால்தான் மறுபடி ஓடும்.

"அப்பா, இதை நீங்க தொறக்கலையா?"

"மூடினாத்தானே தொறக்கறதுக்கு? நான் என்னைக்கு அதை மூடியிருக்கேன்?" என்று சொல்லிக்கொண்டே விரலை வைத்தார். இறுக்கி மூடியிருந்தது.

"நீங்க மூடமாட்டீங்க. அம்மா ராத்திரி மூடிட்டுத்தான் படுப்பா, நாத்தம் தாங்காதுன்னு. நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள எழுந்து தொறந்து வச்சிடுவா. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேனே."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க?"

ஒரு காலையில், படகு நிறைய ஆட்கள் ஏறி உட்கார்ந்த பிறகு, மனைவி தலைகூட முடியாமல் துறைக்கு ஓடி வந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. துண்டை மறந்துவிட்டீர்கள் என்று சொல்லி, டேங்கின் மேல் கையூன்றிக் குனிந்து, ஒரு துண்டைக் கொடுத்தாள். அவர் தோளில் ஏற்கெனவே ஒரு துண்டு கிடந்தது. "பாத்தீங்களா, புருஷன் மூஞ்சியைப் பாக்காம இவளால இருக்க முடியலையாம்" என்று அவர் கேலி செய்ய, படகே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மகள் திருகைத் திறக்கக் கை நீட்டினாள்.

"தொடாதே!" என்று அதட்டினார். அப்புறம் குரல் உடைந்தது. "அவ மூடி வச்சதும்மா. அன்னைக்கு ராத்திரி மூடிட்டுப் படுத்தா."

திருகின் மேல் வைத்த கையை எடுக்காமல், மகள் பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல், வாய்விட்டு அழுதார். படகு ஆற்றின் போக்கில் இழுபட்டுக்கொண்டே போனது. இதற்குமேல் போனால் பாறையில் மோதும் என்ற நிலையில்தான் திருகைத் திருப்பினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. கயிற்றை இழுத்ததும் மோட்டார் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

சத்தத்தைக் கேட்டு மெக்கானிக் ஓடி வந்தான்.

"அண்ணே, பழைய சத்தம் வந்துடுச்சே! என்னண்ணே கோளாறு?"

அவர் டேங்கைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்.

"வீட்டுல அவ இல்லடா. அதான் கோளாறு."