கடல் தெரியாத அறை

சென்னையை அடுத்த கோவளத்தில் கடற்கரைக்கு இறங்கும் தெருவில் இருக்கும் டிராவல்ஸ் கடையில் உட்கார்ந்து அந்தமானில் அறை தேடிக்கொண்டிருக்கிறேன். கடல் பார்த்த அறைக்கு வாடகை கூடுதல் என்கிறார் கடைக்காரர். யோசிக்காமல் அதையே போடச் சொல்கிறேன். தீவுக்குப் போய்ச் சுவரையா பார்க்க முடியும்?

பக்கத்து நாற்காலியில் மீன் விற்கும் பெண் ஒருத்தி. அவள் கணவர் படகுக்காரர். வாசலில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கும் அதே ஓட்டல், அதே தேதி.

"எங்களுக்குக் கடலே தெரியாத ரூமா போடு நைனா," என்கிறாள்.

ஏன் என்று கேட்கிறேன்.

"கடலப் பாத்தா இந்தாளு காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாப்பாரு சார். ஒடனே தம்பிக்கு போனப் போட்டு வலை, இன்ஜின்னு பேசிகினே இருப்பாரு. கண்ணாலம் ஆயி மொத தபா வெளியூர் போறோம். அங்கயாவது என் மூஞ்சப் பாக்கட்டும்."

மதில் சுவரைப் பார்த்த அறை ஒன்று கிடைக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, சுவர் முழுவதையும் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டுகிறாள்.

அவள் ஆதார் அட்டைக்காகப் பைக்குள் குனிந்ததும் கணவர் என் அருகில் வந்து நிற்கிறார்.

"அண்ணாத்த," என்கிறார் மெதுவாக, "உன் ரூமு எத்தினியாவது மாடி?"