தராசு பிடித்த அம்மன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் எந்த மியூசியத்துக்குப் போனாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கிற ரோமாபுரி வெள்ளிக்காசைக் காட்டி, "இந்த அம்மா எங்கள் வீட்டில் இருந்தவள்" என்று என்னால் சொல்ல முடியும். திண்டுக்கல்லில் இரண்டு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற எத்தனை பேரால் அது முடியும்?

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆத்தூரில் எங்கள் தக்காளிக் காட்டை உழும்போது அப்பாவின் ஏர்க்கொழுவில் அந்தக் காசு தட்டுப்பட்டது. ஒரு பக்கம் மூக்கு நீண்ட ராசா. மறுபக்கம் சேலை மாதிரி எதையோ சுற்றிக்கொண்டு, கையில் தராசோடு ஒரு பெண். பேகம்பூர் வெள்ளிக்கடை பாய் உரசிப் பார்த்துவிட்டு, "ரோமாபுரி சாமிம்மா இது. நம்மூரு இல்ல" என்றார்.

"எந்த ஊரா இருந்தா என்ன பாய், எங்க காட்டுக்குல்ல வந்திருக்கா!" என்றாள் அம்மா.

வீட்டுக்கு வந்ததும் காசுக்கு மஞ்சள் தடவி, பொட்டு வைத்து, மாரியம்மன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள்.

அந்தப் பங்குனியில் தங்கைக்கு அம்மை போட்டது. முத்து ஒன்று கண்ணிலேயே இறங்கி இமை ஒட்டிப்போனது. பார்வை போய்விடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கண் திறந்தால் வெள்ளியில் கண்மலர் சாத்துகிறேன் என்று அம்மா நேர்ந்துகொண்டாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று தங்கை கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

"அந்தக் காச உருக்கிர வேண்டியதுதான" என்றார் அப்பா.

பெரியம்மா பாய்ந்தாள். "அம்மன உருக்கியா அம்மனுக்குக் கண்ணு செய்வீய? இப்பத்தான் புள்ள முழிச்சிருக்கு!"

"அப்ப வெள்ளிக்கு எங்க போறது? ஒங்க கொலுசக் கழட்டித் தாரியளா மதினி?"

பெரியம்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அம்மா ஆசாரி வீட்டுக்குப் போய்வந்தாள்.

கோயிலுக்குக் கிளம்பிய அன்று அம்மாவின் தட்டில் இரண்டு வெள்ளிக்கண்கள் மின்னின. காசும் படத்துக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. ரோமாபுரிக்காரிதான் கண்ணைக் கொடுத்தாள் என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு வந்தேன். பெரியம்மா மட்டும் அம்மாவின் கால்விரல்களையே பார்த்தாள்.

"புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மெட்டியக் கழட்டலாமாடி?"

"நாந்தான் கழட்டிக் குடுக்கச் சொன்னேன்" என்றார் அப்பா. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்கவே இல்லை.

வழியெல்லாம் ஆட்கள். அம்மா சேலையை இறக்கிவிட்டு, பாதம் வெளியே தெரியாமல் நடந்தாள். தார் ரோடு சுடுகிறது போல என்று நினைத்து, என் சின்னச் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் போட்டேன்.