ராமையா பாடாத பாட்டு

காந்தன் பாட்டு எழுதுவான் என்பது நியாலாஸ் ஊரில் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனும் அவன்தான். ஊருக்குத் தெரிந்தது லோரி ஓட்டும் காந்தன். தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு எண்ணெய் ஆலைக்குப் போவான், எடை மேடைக்கு முன்னால் லோரியோடு லோரியாக வரிசையில் நிற்பான். குலை அதிகம் விழும் மாதங்களில் பாதி நாள் அந்த வரிசையிலேயே போய்விடும். மற்ற ஓட்டுநர்கள் தூங்குவார்கள், இல்லையென்றால் கைப்பேசியில் பந்தாட்டம் பார்ப்பார்கள். காந்தன் ஸ்டீரிங்கில் விரலால் தாளம் தட்டுவான். அங்கே பிறந்த பாட்டுகளைத்தான் பாயா ரும்புட் ஊரில் தர்ஷன் நடத்தும் உறுமி மேளக் குழு கோயிலுக்குக் கோயில் பாடிக்கொண்டிருந்தது.

ஆனால் தர்ஷனிடம் அவன் சொன்னது வேறு. "பழைய தோட்டப் பாட்டு தம்பி. பெரியவங்க பாடுனத கேட்டு வெச்சிருக்கேன்" என்பான். ஒன்றல்ல, இரண்டல்ல, கொடுத்த எல்லாப் பாட்டையும் இப்படியே சொல்லிக் கொடுத்தான். ஒரு மனிதன் இத்தனை பாட்டை எங்கே போய்க் கேட்டிருப்பான் என்று அந்தக் குழுவில் ஒருவருக்காவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. பாட்டு நன்றாக இருந்தது, ஓசியில் கிடைத்தது, அதற்கு மேல் யார் கேட்கப் போகிறார்கள்.

இந்தப் பழக்கம் தமிழ்ப்பள்ளியில் தொடங்கியது. ஐந்தாம் ஆண்டில் ஒரு கவிதை எழுதிக்கொண்டுபோய் ஆசிரியரிடம் நீட்டினான். அவர் படித்துவிட்டு, "எங்க பார்த்து எழுதுன?" என்றார். கோபமில்லை, சும்மாதான் கேட்டார். நானே எழுதினேன் என்று சொல்லப் பையனுக்கு நாக்கு எழவில்லை. பத்திரிகையில் பார்த்தேன் என்றான். "அதானே பார்த்தேன்" என்று சிரித்துவிட்டு அவர் அதை வகுப்பில் சத்தமாக வாசித்துக் காட்டினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். யாருடையதோ என்றால் கைதட்டு கிடைக்கும், தன்னுடையது என்றால் கேள்வி வரும் என்று அன்றைக்கு அவன் மனதில் பதிந்துவிட்டது. நல்ல பாடம் எத்தனையோ நடத்தியிருப்பார் அந்த ஆசிரியர், இவன் பிடித்துக்கொண்டது இதை.

அதற்குப் பிறகு வந்த வாய்ப்புகளையெல்லாம் அவனே கவிழ்த்தான். ஒருமுறை வானொலிப் பாட்டுப் போட்டிக்கு ஒலிப்பதிவு அனுப்பினான், பெயரும் எண்ணும் போடாமல். இன்னொரு முறை கோலாலம்பூரில் ஒரு பதிவுக்கூடத்துக்கு வரச்சொன்னார்கள், லோரி டயர் வெடித்துவிட்டது என்று செய்தி அனுப்பிவிட்டு வீட்டில் படுத்திருந்தான். லோரி நல்ல டயர்களோடு வாசலில் நின்றுகொண்டிருந்தது. தன்னடக்கம் என்று அவன் இதற்குப் பெயர் வைத்திருந்தான்.

போன வருடம் நியாலாஸ் முனியாண்டி கோயில் திருவிழாவில் ஒரு மழைப் பாட்டு பாடினார்கள். ரப்பர் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணத்தை மங்கு என்பார்கள். மழை பெய்தால் மங்கில் தண்ணீர்தான் நிற்கும், அன்றைக்குக் கூலி இல்லை. அதை வைத்து எழுதியிருந்தான்:

மழையே மழையே மலைக்குப் போ
மங்கில பாலு நிறையட்டும்
வாசல் பார்க்கும் பிள்ளைக்கு
ஏதோ ஒன்னு எப்படியாச்சும் வாங்கிட்டுப் போவணும்

பாட்டு முடிந்ததும் ஒரு அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பெயர் மாரியம்மா. லூபோக் சீனா பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர், கணவர் இறந்த பிறகு மகளோடு பாயா ரும்புட்டுக்கு வந்து பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வடைக் கடை போட்டிருப்பவர். தர்ஷனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"தம்பி, இது எங்க வீட்டுக்காரர் பாட்டுப்பா. மழை வந்தா லயத்து வீட்டு வாசல்ல குந்திக்கிட்டு இதத்தான் பாடுவாரு. ராமையான்னு பேரு. எங்கருந்துப்பா புடிச்சீங்க?"

தர்ஷன் காந்தனைத் திரும்பிப் பார்த்தான். இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கத்தான் செய்தான், ஆனால் வந்தது இது: "ஆமாக்கா. லூபோக் சீனா ஆளுங்ககிட்ட கேட்டதுதான். ராமையா அண்ணன் பாட்டுன்னு சொன்னாங்க."

எந்த ராமையா? அந்த நிமிடத்துக்கு முன்னால் அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை.

அன்றிலிருந்து தர்ஷன் மேடைக்கு மேடை, "லூபோக் சீனா ராமையா ஐயா நினைவாக" என்று அறிவித்துவிட்டுத்தான் பாட்டைத் தொடங்கினான். மாரியம்மாவும் முடிந்த இடத்துக்கெல்லாம் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். காந்தன் ஒலிபெருக்கிக்குப் பின்னால் போய் நிற்பான். அந்த அம்மாள் கண்ணைத் துடைக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்கு உடம்பு கூசும். செத்துப்போன ஒரு மனிதரின் வாயில் தன் வார்த்தையைத் திணித்துவிட்டோம் என்று தெரியும். தெரிந்து என்ன செய்ய? அடுத்த கோயிலுக்கும் கூடவே போனான்.

இப்படி இருக்கும்போதுதான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. கோலாலம்பூரில் ஒரு இயக்குநர் தொலைக்காட்சித் தொடர் எடுக்கிறார், மழைப் பாட்டை இணையத்தில் கேட்டுவிட்டு முகப்புப் பாட்டாக வேண்டும் என்றார். தர்ஷன் வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கைப்பேசியை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"எழுதினது யாருங்க? அவரே தொடருக்கு இன்னும் மூணு பாட்டு எழுதிக் கொடுத்தா நல்லா இருக்கும்" என்றார் இயக்குநர்.

"தோட்டத்து ஆளு சார், ராமையான்னு. இறந்துட்டாரு."

"அப்படியா. உங்க குழுவில எழுதுறவங்க யாரும் இல்லையா?"

தர்ஷன் காந்தனைப் பார்த்தான். "அண்ணே, நீங்கதான் இவ்வளவு பாட்டு சேர்த்து வெச்சிருக்கீங்க. ட்ரை பண்றீங்களா?"

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். "ஐயோ, நமக்கு அதெல்லாம் வராதுலா" என்றான் காந்தன், சிரித்துக்கொண்டே. மற்றவர்களும் சிரித்தார்கள். வேறு ஆளை வைத்து எழுதிக்கொள்வதாகவும், பாட்டு ராமையா பெயரில் வரும் என்றும், சனிக்கிழமை வந்து கையெழுத்து வாங்குவதாகவும் சொல்லி இயக்குநர் வைத்துவிட்டார். காந்தன் தன் பாட்டைத் தன் கையாலேயே தாரை வார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

மனைவி நளினியிடம் நடந்ததைப் பெருமைபோலச் சொன்னான். அவள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள். அவன் குளியலறையில் முனகுவது அடுத்த மாதம் உறுமியில் வருவதை அவள் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"என்ன, அடக்கமான ஆளுன்னு நெனப்பா?" என்றாள். "பாட்டு நல்லா இருந்தா உள்ளுக்குள்ள நீங்க சிரிச்சிக்கலாம். நல்லா இல்லன்னா செத்தவங்க தலையில போட்டுட்டுப் போயிடலாம். அதுக்குத்தானே இதெல்லாம்? இப்ப அந்த அக்கா புருஷன் தலையிலயும் போட்டாச்சு."

"விடு, நளினி."

"நான் விட்டுடுவேன். உங்களால விட முடியுதான்னு பாருங்க."

விட முடியவில்லை. மறுநாள் ஆலை வரிசையில் தாளம் தட்ட விரல் போகவில்லை. தன்னடக்கம் என்று இத்தனை காலம் பொத்தி வைத்திருந்தது வெறும் கோழைத்தனம் என்று ஆனபிறகு, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. தர்ஷனிடம் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் மாரியம்மாவிடம் சொல்லியாக வேண்டும். அந்த அம்மாளுக்குத் தெரியாமல் அவர் கணவரிடமிருந்து பாட்டைப் பிடுங்குவது இன்னொரு திருட்டு.

அன்றைக்கே, வெள்ளிக்கிழமை சாயங்காலம், பசார் மாலாமுக்குப் போனான். மாரியம்மா எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நின்று வடை தட்டிக்கொண்டிருந்தார். வாங்க ஆட்கள் வரிசையாக நின்றார்கள். காந்தன் பக்கவாட்டில் போய் நின்றான்.

"வா தம்பி. சூடா இருக்கு, சாப்பிடு."

"அக்கா, ஒன்னு சொல்லணும். அந்த மழைப் பாட்டு ராமையா அண்ணன் பாட்டு இல்லக்கா. நான் எழுதினது. அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மாரியம்மா வடையைப் புரட்டினார். ஒரு மலாய்க்காரப் பெண் ஐந்து வேண்டும் என்றாள், எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தார். மீதிச் சில்லறையையும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் பேசினார்.

"அப்ப அவரு பாடுனது எது?"

"தெரியலக்கா."

"எனக்கும் இப்ப வரமாட்டேங்குதே. மழைய வெச்சு என்னமோ பாடுவாரு. அத நெனச்சா உன் பாட்டுத்தான் வருது." அவர் குரல் இறங்கியது. "போ தம்பி. ஆளுங்க நிக்கிறாங்க."

காந்தன் நகர்ந்தான். இப்படி ஒரு திருட்டு நடந்திருக்கும் என்று அவன் நினைத்தே பார்க்கவில்லை. பழக்கடைக்குப் பக்கத்தில் நின்று, இதற்கு மேலும் அவமானப்பட ஒன்றுமில்லை என்ற நிலையில், தர்ஷனைக் கூப்பிட்டான். மழைப் பாட்டு தன்னுடையது என்றான், மற்றவையும்தான் என்றான்.

தர்ஷன் சிரித்தான். "அண்ணே, என்னண்ணே. டிவின்னதும் ஆசை வந்துடுச்சா? அந்த அக்காவே சொன்னாங்களே, அவங்க புருஷன் பாட்டுன்னு."

"பொய் இல்ல தர்ஷா."

"நேத்துதானே வராதுன்னீங்க, எல்லார் முன்னாடியும். அந்த அக்காவ சொல்லச் சொல்லுங்க, நம்புறேன்."

அவன் கேட்டதில் என்ன தப்பு? ஓடிவிடத்தான் காந்தனுக்குக் கால் பரபரத்தது. ஓடினால் வழக்கம்போல எல்லாம் முடிந்துவிடும், நாளைக்கு ஒரு கையெழுத்து விழும், அவ்வளவுதான். அழைப்பைத் துண்டிக்காமல் வடைக் கடைக்குத் திரும்பி நடந்தான்.

"அக்கா, தர்ஷன் நம்ப மாட்டேங்கறான். கேக்க எனக்கு வாயில்லதான். ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

மாரியம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் பார்த்தார்கள். மாவுக் கையாலேயே கைப்பேசியை வாங்கிக் காதில் வைத்தார்.

"தம்பி, இவன் எழுதுனதுதான். எப்படித் தெரியுமா? அந்தக் கடைசி அடிய கேளு. 'ஏதோ ஒன்னு எப்படியாச்சும்'னு வருதே. தாளத்துலயும் நிக்கல, அர்த்தமும் இல்ல. ஒவ்வொரு தடவையும் அந்த எடம் வர்றப்ப எனக்கு வெக்கமா இருக்கும். மனுஷன் மறந்துபோய் உளறி வெச்சிட்டாரேன்னு மனசுக்குள்ள அவரத்தான் திட்டுவேன். எங்க வீட்டுக்காரருக்கு எம் பிள்ளைக்கு என்ன வாங்கணும்னு தெரியும்பா. ஏதோ ஒன்னுன்னு அவரு பாடவே மாட்டாரு."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவர் அடுத்த வடையைத் தட்டினார்.

காந்தனுக்குக் காது சுட்டது. அந்த அடியை எழுதிய நாள் நன்றாக நினைவிருந்தது. எடை மேடையில் முறை வந்துவிட்டது, பின்னால் ஹாரன் அடித்தார்கள், வாய்க்கு வந்ததைப் போட்டு முடித்தான். பழைய பாட்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?" என்றான் தர்ஷன். சிரிப்பு நின்றுபோயிருந்தது. "அந்த அடி... நீங்கதானா?"

வரிசையில் நின்ற அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான்" என்றான் காந்தன். "அந்த அடி மோசம்தான், தர்ஷா. நான் எழுதினது."