அவர் பேரைச் சொன்ன குரல்

நான் வேலூர்க்காரி. என் கணவர் ஜவ்வாது மலையில் பிறந்தவர். கல்லூரியில் இருவரும் ஒரே வகுப்பு. நீ, வா, போ என்றுதான் பழகினோம். கல்யாணத்துக்குப் பிறகும் நான் பேர் சொல்லியே கூப்பிட்டேன். பேர் எதற்கு வைத்திருக்கிறார்கள், ரேஷன் கார்டில் அச்சடிக்க மட்டுமா?

மலைக்குக் குடிபோன முதல் வாரமே மாமியார் ஆரம்பித்துவிட்டார்.

"பேர் சொல்லிக் கூப்புடாதம்மா. இங்க வூட்டுப் பொம்பளைங்க யாரும் புருசன் பேரச் சொல்றதில்ல. பனியில ஒரு பொம்பளக் கொரலு ஆம்பளைங்கள பேர் சொல்லிக் கூப்புடும். அதுக்குக் கொரல் குடுத்தவன் வூடு திரும்புனதில்ல. நீயும் அப்பிடியே கூப்புட்டா எது நீ, எது அதுன்னு அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

பெண்டாட்டியை அடக்க ஒரு பேய். நல்ல ஏற்பாடுதான்! "ஆம்பளைங்க எங்க பேரச் சொன்னா மட்டும் ஒண்ணும் வராதா அத்தே?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கணவர் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணியாகியும் பனி விலகவில்லை. அவர் கீழே நிலத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார். மேல் சரிவில் நெல்லிக்காய் பொறுக்கப் போன எனக்கு ஈரப்பாறையில் கால் வழுக்கி, இரண்டு கல்லுக்கு நடுவே கணுக்கால் மாட்டிக்கொண்டது. உயிர் போகிற வலி. அவர் பேரைச் சொல்லிக் கத்தினேன்.

மண்வெட்டிச் சத்தம் நின்றது. வந்துவிடுவார் என்றிருந்தேன். வரவில்லை. மறுபடி கத்தினேன். ஐம்பது அடிகூட இருக்காது, அவர் இருமியது எனக்குக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிற மனிதர், நான் கூப்பிடுவது காதில் விழுந்தும் பேசாமல் நிற்கிறார் என்று புரிந்தபோது வலியைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. போ, இனி கூப்பிடமாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்போது எதிர்ச்சரிவிலிருந்து அவர் பேர் கேட்டது. என் குரல். கடைசி எழுத்தை நான் இழுக்கிற அதே இழுவை. எதிரொலி அவ்வளவு நேரம் கழித்து வருமா?

கீழே அவர் காலடி நகர்ந்தது. என் பக்கம் அல்ல, அந்தப் பக்கம். "இன்னாங்க! இன்னாங்க, நான் இங்க இருக்கேங்க!" என்று அலறினேன். என் வாயில் அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை.

ஓடி வந்தார். கல்லைப் புரட்டி என்னைத் தூக்கிக்கொண்டார். "மூணாவது தடவ நீ கூப்புட்டதும் மனசு கேக்கல, அந்தப் பக்கம் போய்ட்டேன்" என்றார். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டது இரண்டே முறை. அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

அதன்பின் நான் பேர் சொல்வதில்லை. மருமகள் வழிக்கு வந்துவிட்டாள் என்று மாமியாருக்குப் பெருமை. எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுதும்போதுகூட 'அவர்' என்றுதான் வருகிறது, பாருங்கள்.

போன மாதம் போளூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தோம். நல்ல வெயில், சுற்றிலும் ஜனம். "பழையபடி ஒரு தடவ பேர் சொல்லிக் கூப்பிடேன், ஆசையா இருக்கு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசையாகச் சொன்னேன். அவர் பேசாமல் என் உதட்டையே பார்த்தார். மறுபடி சொன்னேன். அப்போதும் அவர் பதில் குரல் கொடுக்கவில்லை.