ஸ்டீயரிங் கோணல், வண்டி நேர்

என் பழைய ஜீப்பின் முன்சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே அச்சு. அதற்கு அலைன்மென்ட் என்றால், சக்கரங்களை இணைக்கும் கம்பியைத் திருகி, டேப் பிடித்து அளந்து, இரண்டையும் நேராக்க வேண்டும். திருவொற்றியூர் மெக்கானிக் அதைச் சரியாகத்தான் செய்தார். ஸ்டீயரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் இன்னொரு கம்பியை மட்டும் மறந்துவிட்டார். அதனால் ஸ்டீயரிங்கை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்தால்தான் வண்டி நேராகப் போகும்.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் சர்ச்சில் பூசை முடிந்ததும், "பொம்பள ஓட்ற வண்டியா இது? நவுரு" என்று என் கணவர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். ஸ்டீயரிங் கோணல் அவருக்குத் தெரியாது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிளம்பியதும் அவர் ஸ்டீயரிங்கை நேராக்கினார். ஜீப் மெதுவாக டீக்கடைப் பக்கம் ஒதுங்கியது. பதறிப்போய் திருப்பினார், பழக்கதோஷத்தில் மறுபடி நேராக்கினார். இந்தமுறை இளநீர்க் குவியல்.

"இன்னாமே, வண்டி தண்ணி போட்டுகீதா?"

"எனுக்கு இன்னா தெரியும்? நான் பொம்பள."

மூன்றாம் தடவை, ஐஸ்கிரீம் வண்டிக்கு ஒரு முழம் முன்னால் பிரேக் போட்டார். வண்டிக்காரர் நிதானமாக எட்டிப் பார்த்து, "கப்பா, கோனா நைனா?" என்றார்.

அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல் உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னை முறைத்தபடி இறங்கியவர், சாவியை என் மடியில் போட்டுவிட்டு ஒரே ஒரு கோன் வாங்கிக்கொண்டார்.