கிளாஸ் மேல் வைத்த அட்டை

நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. முப்பத்தோரு வருஷம் கரி அடுப்பின் முன்னால் நின்றவள் நான். கதை கட்டிப் பேர் வாங்கும் ஆசை எனக்கு இல்லை. இது போன பிப்ரவரியில், வெள்ளைக்காரர் நாட்டில் ஸ்மெத்திக் என்ற ஊரில், எங்கள் சொந்த பப்பில், எனக்கே நடந்தது.

என் பெயர் நிர்மல் கௌர். கடைக்கு வருகிறவர்களுக்கு நிம்மி. என் வீட்டுக்காரர் தல்பீர் முன்னால் நின்று பீர் ஊற்றுவார். நான் பின்னால் சமையலறையில் கறி சுடுவேன். கடையின் பெயர் 'மூன்று சுத்தியல்'.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லாத கடை. தேய்ந்துபோன சிவப்புக் கம்பளம், புகை படிந்த கூரை, கால் ஆடுகிற டாமினோ மேசை. ஆனால் மழையில் நனைந்து வந்து கதவைத் திறந்தால் போதும். வெந்தயக்கீரை வாசனை, சுட்ட ஆட்டுக்கறி வாசனை, பீர் வாசனை எல்லாம் சேர்ந்து முகத்தில் அடிக்கும். பெண்டாட்டி செத்தவன், வேலை போனவன், மகனோடு பேச்சு இல்லாதவன் எல்லாரும் அங்கேதான் வந்து உட்காருவார்கள். பஞ்சாபி, வெள்ளைக்காரர், ஜமைக்காக்காரர் என்று எல்லாரும் ஒரே மேசையில் எலும்பைக் கடிப்பார்கள். என்ன ஏது என்று யாரும் யாரையும் குடைய மாட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கிளாஸுக்கு அடியில் வைக்கும் வட்ட அட்டை இருக்கிறதே, அதை எடுத்து கிளாஸ் வாயை மூடிவிட்டு ஒருவர் எழுந்து போனால், 'திரும்பி வருவேன், இடத்தை எடுக்காதே' என்று அர்த்தம். சிகரெட் பிடிக்கப் போனாலும் சரி, கழிவறைக்குப் போனாலும் சரி. அந்த கிளாஸை யாரும் தொட மாட்டார்கள். வைத்தவர் வந்துதான் எடுக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளருக்கு நம்மைப் பிடித்துப்போனால், தனக்கு வாங்கும்போது, தன் கணக்கிலேயே "உனக்கும் ஒண்ணு ஊத்திக்கோ" என்பார். வில்ஃப் அதைத் தினமும் சொல்வார்.

வில்ஃப் டிரான்டர். எண்பத்திரண்டு வயசு. ஒரு காலத்தில் வார்ப்பட ஆலையில் வேலை. வலது கையில் இரண்டு விரல் கிடையாது, பிரஸ் மெஷின் தின்றுவிட்டது. சாயந்திரம் ஐந்து மணிக்கு வந்து, சாப்பாடு எடுத்துக் கொடுக்கும் சமையலறை ஜன்னலின் மரக்கதவை மிச்சமிருக்கும் விரலால் தட்டுவார். டக் டக்... டக். அதுதான் அவருடைய ஆர்டர். ஆட்டு சாப்ஸ், கோழி இறக்கை, சீக் கபாப், வெங்காயம் மட்டும் கருகக் கருக வேண்டும்.

"நிலக்கரி மாதிரி இருக்கணும் கண்ணு. உன் சமையல்ல எனக்குப் பிடிச்சதே நீ தீய விடுறதுதான்."

"உங்க நாக்கே தீஞ்சு போனதுதானே வில்ஃப், அதான்."

"சரி சரி. உனக்கும் ஒண்ணு ஊத்திக்கோ. வந்து உட்காரு."

நான் மது தொடமாட்டேன். எலுமிச்சை சோடாதான். அது அவருக்கும் தெரியும். எனக்காக ஒரு சோடா ஊற்றச் சொல்லி, தன் மூலை மேசையில் எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்துக்கொள்வார்.

"அப்புறம் வில்ஃப்."

முப்பத்தோரு வருஷமாக இதே பதில். அடுப்பை விட்டு நகர முடிந்தால்தானே? ஒரு தடவைகூடப் போய் உட்காரவில்லை. சோடா வாயு போய், கடைசியில் தல்பீர் அதைத் தொட்டியில் கொட்டுவார்.

ஜனவரி கடைசியில் வில்ஃப் இறந்துபோனார். தூக்கத்திலேயே. நல்ல சாவுதான்.

அதற்கு முன்பே கடையை விற்பது என்று முடிவு செய்திருந்தோம். தல்பீருக்கு முதுகு போய்விட்டது, எனக்கு இரண்டு முழங்காலும். வாங்குகிறவர் இடித்து மாற்றி அடுக்கு வீடுகள் கட்டப்போகிறாராம். புதன்கிழமை கையெழுத்து. வெஸ்டனில் கடலோரமாக மாடிப்படி இல்லாத ஒரு சின்ன வீடு பார்த்திருந்தோம். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அந்தக் கடையை விட்டுப் போய், அக்கடா என்று உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு முந்தைய வியாழக்கிழமைதான் வில்ஃப்பின் அடக்கம். முடிந்ததும் எல்லாரும் கடைக்கு வந்தார்கள். அவர் பேரில் ஒரு கிளாஸ் கறுப்பு பீர் ஊற்றி மூலை மேசையில் வைத்தோம். கண்ணீரும் சிரிப்புமாக ஊரே கூடியிருந்தது. நான் இருநூறு இறக்கை பொரித்தேன். எல்லாரும் போனபிறகு தல்பீர் அந்த கிளாஸைப் பார்த்தார். கொட்ட மனசு வரவில்லை.

"தூசி விழும்" என்று ஒரு அட்டையை எடுத்து அதன் வாயை மூடினார்.

அப்போது எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு தூக்கம் வந்தது. அப்படியே விட்டுவிட்டுப் படுக்கப் போனோம். வெள்ளி, சனி, ஞாயிறு... கூட்டம் அலைமோதியது. அந்த மேசையில் யாரும் உட்காரவில்லை. கிளாஸை யாரும் தொடவும் இல்லை. தொடமாட்டார்கள், அட்டை மேலே இருக்கிறதே.

திங்கட்கிழமை.

வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் மதியம் கடை மூடியிருக்கும், ஐந்தரைக்குத்தான் திறப்போம். தல்பீர் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். முன்கதவுக்கு மேலும் கீழும் நானே தாழ்ப்பாள் போட்டேன். வெளியே மழை, அதற்குள் இருட்டிவிட்டது. கரியைப் பற்றவைத்து, ரொட்டி மாவைப் பிசைந்து மூடி வைத்தேன். கால் இரண்டும் கெஞ்சின.

டக் டக்... டக்.

"வர்றேன் வில்ஃப்" என்றேன்.

ஆமாம், சொன்னேன். உடம்பு அசந்து போனால் கை மட்டும்தான் வேலை செய்யும், தலை செய்யாது. கம்பியில் கபாப் குத்தினேன். சாப்ஸைப் புரட்டினேன். வெங்காயத்தைக் கருகவிட்டேன். இரும்புத் தட்டைப் பழுக்கக் காய்ச்சி, எல்லாவற்றையும் அதில் போட்டு, எலுமிச்சம்பழம் பிழிந்தேன். ஸ்ஸ்ஸ்... என்று சீறியது. மரப்பலகையோடு தூக்கி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, திரும்பி நின்று ரொட்டிகளைத் தட்டி ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னால் தட்டு விளிம்பில் உரசி நகர்ந்தது.

ஸ்ஸ்ஸ்... அந்தச் சத்தம் ஜன்னலை விட்டு விலகி, கடைக்குள்ளே போனது. மெல்ல... கொஞ்சம் நொண்டி நொண்டி... மூலை மேசைப் பக்கம். தொம் என்று பலகை மேசையில் உட்கார்ந்தது.

கடைசி ரொட்டியின் மாவு என் கையிலேயே இருந்தது.

அப்போதுதான் உறைத்தது.

வில்ஃப் செத்துவிட்டார். நான்தானே அவர் அடக்கத்துக்குச் சமைத்தேன்!

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்தேகால். அப்படியானால் தட்டியது சரியாக ஐந்து மணிக்கு.

"யாரு?"

"என்னங்க... வந்துட்டீங்களா?"

எலும்பு கடிபடும் சத்தம் மட்டும் கேட்டது. வாஹேகுரு வாஹேகுரு என்று சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டு கதவைத் தள்ளி முன்னறைக்கு வந்தேன்.

முன்கதவில் இரண்டு தாழ்ப்பாளும் போட்டபடியே இருந்தன.

மூலையில் மட்டும் விளக்கு எரிந்தது. நான் போடவில்லை. தட்டில் ஆவி பறந்தது. கிளாஸின் மேலிருந்த அட்டை... எடுத்துப் பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தது. பீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. நாற்காலியில் யாரும் இல்லை.

ஆனால் நனைந்த கம்பளிக் கோட்டின் வாடை அடித்தது.

தட்டின் ஓரத்தில் எலும்புகள். சின்னதிலிருந்து பெரிதுவரை, வரிசையாக. வில்ஃப் மட்டும்தான் அப்படி அடுக்குவார்.

"உனக்கும் ஒண்ணு ஊத்திக்கோ கண்ணு."

காதுக்குப் பக்கத்தில் இல்லை. எதிரே, அந்த வெறும் நாற்காலியிலிருந்து. சோர்ந்துபோன குரல். ரொம்ப நேரம் காத்திருந்த குரல்.

என் வாய் தானாக, "அப்புறம் வில்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டது.

ஓட வேண்டும். கால் நகரவில்லை. எதிர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் எலுமிச்சை சோடா. அப்போதுதான் ஊற்றியதுபோல நுரைத்துக்கொண்டிருந்தது.

நீங்கள் என்னைப் பைத்தியம் என்றுதான் சொல்வீர்கள். சொல்லுங்கள். நான் அதைக் குடித்தேன்.

ஜில்லென்று இறங்கியது. வலி நின்றது. முழங்கால், இடுப்பு, தோள்பட்டை... எல்லாம். ஒரு பாட்டம் அழுதேன். "ரொம்ப களைச்சுப் போயிட்டேன் வில்ஃப்" என்றேன்.

"தெரியும் கண்ணு. அதான் உட்காரச் சொன்னேன்."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எதிரே கிளாஸில் பீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. எனக்குப் பயம்கூடப் போய்விட்டது. அப்படியே இருந்துவிடலாம் போலிருந்தது.

கருகல் வாடை.

ரொட்டி! அடுப்பில் போட்டதெல்லாம் தீய்ந்துகொண்டிருந்தது. சமையலறைக் கதவிடுக்கில் புகை.

பதறி எழுந்தேன்.

எழுந்தபோது... என் கை...

மேசையிலிருந்த அட்டையை எடுத்தது.

என் கிளாஸின் மேல் வைத்தது.

"இதோ வந்துடறேன்."

என் வாயால் சொன்னேன்.

எதிரே நாற்காலி கிறீச்சிட்டுப் பின்னுக்கு நகர்ந்தது. வில்ஃப்பின் கிளாஸ் காலி. தாழ்ப்பாள் போட்ட கதவின் பக்கம் குளிர்காற்று ஒரு முறை வீசி அடங்கியது. அவர் போய்விட்டார். எனக்கு அது நன்றாகத் தெரிந்தது.

புகையோடு நான் போராடிக்கொண்டிருந்தபோது தல்பீர் பின்கதவு வழியாக வந்தார்.

"என்ன நிம்மி இது! கடையைக் கொளுத்தியே வித்துடலாம்னு பாத்தியா?" என்று இருமிக்கொண்டே கேட்டார். மூலை மேசையைப் பார்த்ததும் முகம் மாறியது. "யார் வந்தது?"

"யாரும் இல்ல. நான்தான் உட்கார்ந்தேன்."

"நீயா? உட்கார்ந்தியா?"

சிரித்தார். சிரித்துக்கொண்டே என் கிளாஸையும் எடுத்தார். அட்டையை வீசிவிட்டு, மிச்சத்தைத் தொட்டியில் கொட்டி, கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கம்பளத்தைப் பெருக்கப் போனேன். மூலை மேசையில் எலுமிச்சை சோடா. நிறைய. மேலே அட்டை. தல்பீர்தான் விளையாடுகிறார் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். அவரிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று உங்களுக்கே தெரியும். புதன்கிழமை கையெழுத்துப் போட்டேன். அந்த மாசக் கடைசியில் சாவியைக் கொடுத்துவிட்டு வெஸ்டனுக்கு வந்துவிட்டோம்.

ஏப்ரலில் கார்ல்டன் போன் செய்தார். எங்கள் டாமினோ ராஜா, ஜமைக்காக்காரர், என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

"எப்படி இருக்கே தங்கச்சி? கடல் காத்து வாங்கிக் குண்டாயிட்டியா?"

"கால் வலி போகவே இல்லண்ணே. இப்போ நெஞ்சும் படபடங்குது. டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார்."

அதைக் கேட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"நம்ம கடைப் பக்கம் போனேன். உள்ளே எல்லாத்தையும் பேத்துட்டானுங்க. கம்பளம், கல்லா, உன் அடுப்பு... எதுவும் இல்ல. ஆனா அந்த மூலை மேசை மட்டும் அப்படியே நிக்குது. ரெண்டு வாட்டி குப்பை வண்டியில ஏத்தி அனுப்பிட்டோம்னு மேஸ்திரி சத்தியம் பண்றான். மறுநாள் காலையில பாத்தா அங்கேயே இருக்காம்."

"மேசை மேல..." என்றேன்.

"ஒரு கிளாஸ் இருக்கு. எலுமிச்சை சோடா. நானே ஜன்னல் வழியா பாத்தேன், நுரை அடங்கல. மேல அட்டை இருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டிருக்கு, யாரோ இப்பதான் எந்திரிச்சுப் போன மாதிரி."

"அண்ணே... அந்த அட்டையை எடுத்துடச் சொல்லுங்க."

"நல்லா இருக்கே! வச்சவங்கதானே வந்து எடுக்கணும்?"

போனை வைத்துவிட்டேன்.

ஆமாம். வைத்தவள் நான். எடுக்க வேண்டுமென்றால் நான் திரும்பிப் போக வேண்டும்.

போகமாட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் முழங்கால் தெறிக்கிற ராத்திரிகளில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுக்கையில் உட்கார்ந்திருக்கும்போது, அந்த நாற்காலிதான் ஞாபகம் வருகிறது. முப்பத்தோரு வருஷத்தில் எனக்கு வலிக்காமல் இருந்தது அந்தக் கொஞ்ச நேரம் மட்டும்தான்.

நேற்று ராத்திரி தல்பீர் என்னை உலுக்கி எழுப்பினார். தூக்கத்தில் பேசினேனாம்.

"என்ன சொன்னேன்?"

"'இதோ வந்துட்டேன்'னு சொன்னே. ரெண்டு வாட்டி."