பெரட்டுக்கு நின்ற தக்காளி நாற்றுகள்

கங்காணி, நீ பொய்யன். என் பெண்சாதி வரமாட்டேன் என்று சொல்லவே இல்லை. நீ அவள் வீட்டுப் பக்கமே போகவில்லை.

தோட்டத்துக்கு ஆள் சேர்க்க நீ ஊருக்குக் கப்பலேறிய அன்று, "டேய், வரும்போது உன் பொண்டாட்டியையும் கூட்டியாறேன். காம்பராவைக் கூட்டிப் பெருக்கி வை" என்றாய். நம்பினேன். நான் இங்கே வந்தபோது அவள் பழஞ்சேலையில் ஒரு துண்டைக் கிழித்துத் தக்காளி விதையை முடிந்து கொடுத்திருந்தாள். "அங்க மொளைக்குதான்னு பாருங்க. மொளைச்சா நானும் வந்து பொழைச்சுக்குவேன்" என்றாள். நீ கப்பலேறிய வாரமே அந்த முடிச்சை அவிழ்த்தேன். அவள் வந்து இறங்கும்போது வாசலில் செடி பூத்து நிற்க வேண்டும்.

மலாயாவில், இந்த மூவார்ப் பக்கத்து மழையில் வெளியே விதைத்தால் ஒன்றும் மிஞ்சாது. லயத்து வீட்டு வரிசையில் என் ஒற்றை அறைக் காம்பராவுக்குள்ளேயே விதைத்தேன். அதிலும் மடத்தனம். ரப்பர் பால் பிடிக்கும் மங்கில் மண்ணைப் போட்டேன். ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் இருக்கச் செய்த மங்குக்கு ஓட்டை ஏது? தண்ணீர் தேங்கி, தண்டு நூலாய் இளைத்து, பாதி நாற்று ஒரே நாளில் சாய்ந்தது.

மீதியை ஆணியால் அடியில் ஓட்டை போட்ட பழைய தகர டப்பாக்களுக்கு மாற்றினேன். மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் வேரடியில் மட்டும். இருந்தது ஒரே ஜன்னல். நாற்றெல்லாம் அந்தப் பக்கமே கழுத்தை நீட்டின. தினமும் டப்பாக்களைத் திருப்பி வைத்தேன். மரம் சீவிவிட்டு வந்ததும் உள்ளங்கையால் மெல்லத் தடவுவேன். அப்போதுதான் தண்டு தடிக்கும். அவளை நினைத்துக்கொண்டே தடவினேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாலு இலை விட்டதும் வெளியே பழக்கினேன். விடிகாலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் லயத்து ஓரம் வரிசையாக வைப்பேன். பிள்ளை பெற்று வீட்டிலிருந்த பக்கத்துக் காம்பராக்காரி வெயில் ஏறியதும் உள்ளே எடுப்பாள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கூடுதல் நேரம்.

"என்னண்ணே, இதுங்களுக்கும் பெரட்டா? அப்ப நான்தான் கங்காணியா லா?"

"பேரைக் கூப்பிட்டுப் பாரு. ஒண்ணும் ஓடிப்போயிருக்காது."

"அண்ணி வரட்டும். மொதப் பழம் எனக்குத்தான், சொல்லிட்டேன்."

மண்ணில் நட்டேன். பூத்தது. நீ புது ஆட்களோடு வந்தாய். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

"அவ வரலடா. கடல் தாண்ட மாட்டேன்னுட்டா. விட்டுத் தொலை."

அன்றே செடிகளைப் பிடுங்கி எறிந்தேன். பூவோடு பிடுங்கினேன். அவளுக்குக் கடிதம் போடுவதையும் நிறுத்தினேன்.

இரண்டு வருஷம் கழித்து அவள் தெருக்காரன் ஒருவன் இந்தத் தோட்டத்துக்கு வந்தான். மூட்டை கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாளாம். எந்தக் கங்காணியும் வரவில்லையாம். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாளாம். "அங்க மொளைச்சுதா, ஒண்ணும் எழுதலியே" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

முளைத்தது. நான்தான் எழுதவில்லை. அந்தப் பாவம் என்னுடையது, சுமக்கிறேன். உன்னுடையதை நீ சுமக்க வேண்டாமா?

இன்றும் நீதான் பெரட்டில் பேர் கூப்பிடுகிறாய். நாளைக் காலை முதல் பேரைக் கூப்பிடுமுன், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்: அவள் வாசலை நீ மிதித்தாயா, இல்லையா?